காரணம் அறியாத நோயும் காத்திருக்க முடியாத மக்களும்

வடமத்திய மாகாணத்தின் பதவியா, மெதவாச்சி, மெதிரிகிரிய போன்ற விவசாயப் பிரதேசங்களில் 1990களில் வைத்தியர்களின் கவனத்தை ஈர்த்த ஒரு சிறுநீரக நோய், மூன்று தசாப்தங்கள் கடந்த பின்னரும் தனது மூலகாரணத்தை வெளிப்படுத்தாமலேயே இருந்து வருகின்றது. நீரிழிவோ, நீண்டகால உயர் குருதியமுக்கமோ, சிறுநீரகத்தைப் பாதிக்கும் அறியப்பட்ட வேறு நோய்களோ இல்லாதவர்களிடத்தில் இது தோன்றுவதால், ‘காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்’ என்றே மருத்துவ உலகம் இதற்குப் பெயரிட்டுள்ளது. நோயின் பெயரே எமது அறியாமையைப் பறைசாற்றுவதாக அமைந்திருப்பது கவலைக்குரியது.

இது ஒரு மாகாணத்துக்கோ ஓர் இனத்துக்கோ உரிய பிரச்சினை அல்ல. ஹொரவப்பொத்தானை, கஹட்டகஸ்திகிலிய போன்ற பகுதிகளில் சிங்கள, முஸ்லிம் கிராமங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. வவுனியா மாவட்டத்தின் விவசாயக் கிராமங்கள், முல்லைத்தீவின் வெலிஓயா, திருகோணமலையின் பதவிசிறிபுர, கோமரங்கடவல, ஊவா மாகாணத்தின் கிராந்துருகோட்டை எனப் பாதிக்கப்பட்ட பிரதேசங்களின் பட்டியல் நீண்டது. ஒரே குளத்தின் கீழ் வயல் செய்து, ஒரே நிலத்தடி நீரை அருந்தும் மக்களை இந்நோய் மொழி கேட்டோ மதம் பார்த்தோ தாக்குவதில்லை. இருந்தும், இதனைத் தொலைவிலுள்ள எவருக்கோ நேர்ந்த துன்பமாகவே தமிழ்பேசும் மக்களில் பலரும் இன்றுவரை கருதி வருகின்றனர்.

சூழலில் உள்ள ஏதோவொன்று, அல்லது பல ஒன்று சேர்ந்து, இந்நோயை உண்டாக்குகின்றன என்பதில் ஆய்வாளர்களிடையே பரந்த உடன்பாடு உண்டு. அது எது என்பதிலேயே முரண்பாடு நிலவுகின்றது. சூழலுக்கும் நோய்க்கும் இடையிலான தொடர்பை விஞ்ஞானம் எவ்வாறு கண்டறிகின்றது, இந்த விடயத்தில் அது ஏன் இத்தனை கடினமாக உள்ளது, விடை கிடைக்கும்வரை அரசும் சமூகமும் செய்ய வேண்டியது என்ன என்பவற்றை இங்கு நோக்க விரும்புகின்றோம்.

சூழலும் நோயும்

மனிதருக்கு ஏற்படும் நோய்களைப் பரம்பரை, கிருமி, பழக்கவழக்கம் ஆகியவற்றோடு தொடர்புபடுத்திப் பார்ப்பது வழமை. நாம் சுவாசிக்கும் காற்று, அருந்தும் நீர், உண்ணும் உணவு, தொழில் செய்யும் இடம் என்பனவும் அவற்றுக்குச் சமமான பங்கை வகிக்கின்றன. சுகாதாரக் கேடான சூழலில் வாழ்வதாலும் தொழில் புரிவதாலும் 2012ஆம் ஆண்டில் உலகெங்கும் 1 கோடி 26 இலட்சம் பேர் மரணமடைந்தனர் என உலக சுகாதார ஸ்தாபனம் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் மதிப்பிட்டிருந்தது. இது மொத்த மரணங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகும்.

ஒருவர் கருவில் உருவான வேளை முதல் அவரது வாழ்நாள் முழுவதும் உடல் எதிர்கொள்ளும் சூழல் தாக்கங்கள் அனைத்தையும் ஒன்றுசேர்த்து ஆராய வேண்டும் என்ற கருத்தை கிறிஸ்தோபர் வைல்ட் என்ற விஞ்ஞானி 2005ஆம் ஆண்டு முன்வைத்தார். மனித மரபணுத் தொகுதியை வாசித்து முடித்த விஞ்ஞானம், அதே மனிதர் எவற்றுக்கெல்லாம் ஆட்பட்டார் என்பதை அளவிடுவதில் மிகவும் பின்தங்கியிருக்கின்றது என்பதே அவர் சுட்டிக்காட்டிய குறையாகும்.

சிறுநீரகம் இத்தகைய தாக்கங்களுக்கு இலகுவில் இலக்காகும் உறுப்பு. இரு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் திரவத்தை வடிகட்டி, அதில் பெரும்பகுதியை மீண்டும் உறிஞ்சிக்கொள்கின்றன. நீர் மீள உறிஞ்சப்படும்போது அதிலிருந்த நச்சுப் பொருட்கள் சிறுநீரக நுண்குழாய்களில் செறிவடைகின்றன. வடமத்திய மாகாண நோயாளர்களிடம் காணப்படும் பாதிப்பும் பெரும்பாலும் இந்த நுண்குழாய்களையும் அவற்றைச் சூழ்ந்த இழையங்களையும் சார்ந்ததே. ஆரம்பத்தில் வலியோ வீக்கமோ இருப்பதில்லை. சிறுநீரகத்தின் தொழிற்பாடு பெருமளவு இழக்கப்பட்ட பின்னரே பலர் வைத்தியசாலையை நாடுகின்றனர். அதன் பின்னர் வாரந்தோறும் பல மணி நேரக் குருதிச் சுத்திகரிப்பு, கிராமத்துக்கும் நகருக்கும் இடையிலான அலைச்சல், கைவிடப்பட்ட வயல், கடன் என ஒரு குடும்பம் முழுவதுமே நோயாளியாகி விடுகின்றது.

விடை காணும் வழிமுறைகள்

சூழல் சார்ந்த நோயியல் ஆய்வின் ஆரம்ப உதாரணமாக 1854ஆம் ஆண்டு இலண்டனின் சோஹோ பகுதியில் பரவிய வாந்திபேதியைக் குறிப்பிடுவர். ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர், இறந்தவர்கள் எந்த நீரை அருந்தினார்கள் என்பதை வீடு வீடாகச் சென்று விசாரித்து, பிரோட் வீதியிலிருந்த ஒரு நீர்ப்பம்பியே மூலம் என்ற முடிவுக்கு வந்தார். இறந்தவர்களை மாத்திரமன்றி, அருகில் வசித்தும் நோயுறாதவர்களையும் அவர் விசாரித்தார். அண்மையிலிருந்த மதுவடிசாலையின் தொழிலாளர்கள் அந்தப் பம்பியின் நீரை அருந்தவில்லை, அவர்கள் தப்பியிருந்தனர். பம்பியின் கைபிடி அகற்றப்பட்டது. வாந்திபேதியை உண்டாக்கும் கிருமியை றொபேர்ட் கொக் உலகுக்கு உறுதிப்படுத்தியது 1884ஆம் ஆண்டிலேயாகும். கிருமி எதுவென உறுதியாக அறிவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே தடுப்பு நடவடிக்கை எடுக்கப்பட்டுவிட்டது என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

இன்றைய ஆய்வாளர்கள் கையாளும் வழிமுறைகள் பல. நோயுற்றவர்களையும் அதே வயதும் தொழிலும் கொண்ட நோயற்றவர்களையும் ஒப்பிட்டு, முன்னையவர்கள் எதற்குக் கூடுதலாக ஆட்பட்டார்கள் எனத் தேடுவது ஒரு முறை. ஆரோக்கியமான பெருந்தொகையினரைத் தெரிவு செய்து, பல ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்து, எவருக்கு நோய் ஏற்படுகின்றது எனப் பார்ப்பது மற்றொன்று. புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஐயத்துக்கு இடமின்றி நிறுவிய பிரித்தானிய ஆய்வு இரண்டாவது வகையைச் சார்ந்தது. 1951ஆம் ஆண்டு நாற்பதாயிரம் வரையிலான வைத்தியர்களிடமிருந்து விபரம் திரட்டி ஆரம்பிக்கப்பட்ட அந்த ஆய்வில், ஆண் வைத்தியர்கள் ஐம்பது ஆண்டுகள் வரை பின்தொடரப்பட்டனர்.

கேள்விகளுக்கு மக்கள் அளிக்கும் பதிலில் மாத்திரம் தங்கியிராமல், உடலில் எஞ்சியுள்ள தடயங்களையும் ஆய்வாளர்கள் தேடுகின்றனர். குருதி, சிறுநீர், தலைமுடி, நகம் என்பன பரிசோதிக்கப்படுகின்றன. ஈயம் சிறுவரின் அறிவாற்றலைப் பாதிக்கின்றதா என அமெரிக்காவில் ஆராய்ந்த ஹேர்பேர்ட் நீடில்மன், மாணவர்களின் விழுந்த பாற்பற்களைச் சேகரித்து அவற்றில் படிந்திருந்த ஈயத்தை அளவிட்டார். 1979ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வு, ஈயம் கலந்த பெற்றோலுக்கு எதிரான உலகளாவிய நடவடிக்கைக்கு வலுச்சேர்த்தவற்றுள் ஒன்று. இலங்கையில் அத்தகைய பெற்றோல் 2002ஆம் ஆண்டு கைவிடப்பட்டது.

இவ்வாறு திரட்டப்படும் சான்றுகளை எடைபோடுவதற்கு, பிரித்தானியப் புள்ளிவிபரவியலாளர் பிரட்போர்ட் ஹில் 1965ஆம் ஆண்டு ஒன்பது அம்சங்களை முன்வைத்தார். தொடர்பு எவ்வளவு வலுவானது, வெவ்வேறு இடங்களிலும் அதுவே காணப்படுகின்றதா, காரணம் நோய்க்கு முன்னர் வந்ததா, அளவு கூடும்போது நோயும் கூடுகின்றதா என்பன அவற்றுள் அடங்கும். விஞ்ஞான அறிவு எப்போதும் முழுமையற்றதே. அதனைச் சாட்டாகக் கொண்டு அவசியமான நடவடிக்கையை ஒத்திப்போட முடியாது என்பதையும் அவர் அதே உரையில் வலியுறுத்தியிருந்தார்.

ஏன் இத்தனை தாமதம்?

எமது நாட்டின் சிறுநீரக நோய் தொடர்பில் மேற்கூறிய முறைகள் கையாளப்படாமல் இல்லை. உலக சுகாதார ஸ்தாபனமும் சுகாதார அமைச்சும் தேசிய விஞ்ஞான மன்றமும் இணைந்து மேற்கொண்ட ஆய்வின் முடிவுகள் 2013ஆம் ஆண்டு வெளியாகின. அனுராதபுரம், பொலநறுவை, பதுளை மாவட்டங்களின் பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஆண்களில் 12.9 சதவீதத்தினரிடமும் பெண்களில் 16.9 சதவீதத்தினரிடமும் இந்நோயின் அறிகுறிகள் காணப்பட்டன. ஆயினும் முற்றிய நிலையை அடைந்தவர்களில் ஆண்களே அதிகம். நோயாளர்களின் சிறுநீரில் கட்மியத்தின் சராசரி அளவு, கிரியேற்றினின் கிராம் ஒன்றுக்கு 1.039 மைக்ரோகிராமாகவும், அதே பிரதேசத்தைச் சேர்ந்த நோயற்றவர்களிடம் 0.646 ஆகவும், நோய் பரவாத பிரதேசத்தவர்களிடம் 0.345 ஆகவும் இருந்தது.

இத்தரவு முக்கியமானது. எனினும் கட்மியமே காரணம் என்று இதனைக் கொண்டு முடிவு கூற முடியாது. இந்நோய் இரகசியமாகப் பல ஆண்டுகள் வளர்கின்றது. இன்று ஐம்பது வயதில் நோயாளியாக இனங்காணப்படும் விவசாயியின் உடலைப் பாதித்தது, அவர் இருபது வயதில் அருந்திய கிணற்று நீராக இருக்கலாம். அந்தக் கிணற்றின் நீர் அன்று எவ்வாறு இருந்தது என்பதற்குப் பதிவு எதுவுமில்லை. மேலும், பழுதடைந்த சிறுநீரகம் உலோகங்களை வெளியேற்றும் விதமும் மாறுபடும். ஆகவே சிறுநீரில் காணப்படும் அளவு நோயின் காரணமா, விளைவா என்ற கேள்வி எழுவது தவிர்க்க முடியாதது.

சந்தேகத்துக்குரியவை ஒன்றல்ல, பல. உலர் வலயத்தின் நிலத்தடி நீர் இயற்கையாகவே கடினத்தன்மையும் புளோரைட்டும் மிக்கது. வயல்களில் களைநாசினிகளும் கிருமிநாசினிகளும் தாராளமாகத் தெளிக்கப்படுகின்றன. பொஸ்பேற்றுப் பசளைகளில் சிறிதளவு கட்மியம் கலந்திருப்பதுண்டு. வெயிலில் நீண்ட நேரம் வேலை செய்வதனால் உடலில் நீர் வற்றுகின்றது. எலிக்காய்ச்சலும், எலிகள் மூலம் பரவும் ஹன்ரா வைரசும் ஆராயப்பட்டுள்ளன. மருந்துச் சிட்டையின்றி வாங்கி உட்கொள்ளப்படும் வலிநிவாரணிகள், புகையிலை என்பனவும் பட்டியலில் உண்டு. இவையெல்லாம் ஒரே மனிதரின் வாழ்வில் ஒருங்கே வந்து சேரும்போது ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிவது எளிதன்று.

ஒவ்வொரு கருதுகோளுக்கும் எதிராக ஒரு கேள்வி எழுகின்றது. யாழ். குடாநாட்டின் கிணற்று நீரும் கடினமானதே. அங்கும் விவசாய இரசாயனங்களின் பாவனை அதிகம். ஆயினும் வடமத்திய மாகாணத்தில் காணப்படும் அளவிலான நோய்ப்பரம்பல் அங்கு அறியப்படவில்லை. வெயில்தான் காரணமெனின், அதே வெயிலில் உழைக்கும் ஏனைய உலர் வலய விவசாயிகள் ஒரே அளவில் பாதிக்கப்படாதது ஏன்? மறுபுறம், பாதிக்கப்பட்ட பகுதிகளிலேயே இயற்கை ஊற்று நீரை அருந்துவோரிடம் நோய் குறைவு எனச் சில ஆய்வுகள் கூறுகின்றன. பிரோட் வீதி மதுவடிசாலைத் தொழிலாளரைப் போன்று, தப்பியவர்களும் ஏதோவொன்றைச் சொல்கின்றனர். அது நீரையே சுட்டுகின்றது என்பதே பலரது ஊகம்.

உலகம் கற்ற பாடங்கள்

இவ்விடயத்தில் இலங்கை தனித்து நிற்கவில்லை. எல் சல்வடோர், நிகரகுவா போன்ற மத்திய அமெரிக்க நாடுகளில் கரும்பு வெட்டும் இளம் தொழிலாளர்களை இதையொத்த நோய் பலிகொண்டு வருகின்றது. ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்திலுள்ள உத்தானம் பிரதேசத்திலும் இத்தகைய நிலைமை உண்டு. மத்திய அமெரிக்காவில் கடும் வெப்பமும் நீரிழப்பும் பிரதான சந்தேகங்களாகும். அங்கும் விடயம் முற்றாகத் தீர்க்கப்படவில்லை. ஆயினும் சில கரும்புத் தோட்டங்களில் தொழிலாளர்களுக்கு நீர், நிழல், முறையான ஓய்வு என்பன வழங்கப்பட்டபோது சிறுநீரகப் பாதிப்புகள் குறைந்தமை அறிக்கையிடப்பட்டுள்ளது.

பால்கன் நாடுகளின் அனுபவம் இதனிலும் கூடுதலான கவனத்துக்குரியது. தன்யூப் நதியின் கிளை ஆறுகளை அண்டிய பல்கேரியா, ருமேனியா, முன்னைய யூகோஸ்லாவியா ஆகியவற்றின் விவசாயக் கிராமங்களில் 1950களில் ஒரு மர்மச் சிறுநீரக நோய் விபரிக்கப்பட்டது. பார உலோகங்கள், வைரசு, தானியங்களில் வளரும் பூஞ்சண நஞ்சு, நிலக்கரிப் படிவுகளினூடாக வரும் நீர் என ஒவ்வொன்றாகச் சந்தேகிக்கப்பட்டன. கோதுமை வயல்களில் களையாக வளர்ந்த அரிஸ்டோலோக்கியா என்ற செடியின் விதைகள் மாவில் கலப்பதே காரணமாகலாம் என 1969ஆம் ஆண்டளவில் ஒரு கருத்து முன்வைக்கப்பட்டும், அது உரிய கவனத்தைப் பெறவில்லை.

1990களின் முற்பகுதியில் பெல்ஜியத்தில், உடல் மெலிவதற்காக ஒரு மூலிகைக் கலவையை உட்கொண்ட பெண்கள் பலர் சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளாகினர். அக்கலவையில் அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்த மூலிகை கலந்திருந்தது. அதன் பின்னரே பழைய சந்தேகம் மீண்டும் உயிர்பெற்றது. பால்கன் நோயாளர்களின் இழையங்களில் அந்த நஞ்சு மரபணுவில் விட்டுச்சென்ற தடயங்கள் 2007ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் எடுத்துக்காட்டப்பட்டன. விடை காண ஐம்பது ஆண்டுகள் சென்றன. எமது மூலிகை மரபில் அறியப்பட்ட ஆடுதீண்டாப்பாளையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை, சிறுநீரக நோயுள்ளவர்கள் சுயமாக மூலிகை மருந்து உட்கொள்ள முன்னர் நினைவிற்கொள்வது நல்லது.

அவசர முடிவுகளின் விலை

விஞ்ஞானம் மெதுவாக நகரும்போது அரசியல் அவசரப்படுவது எமது நாட்டில் வழமையாகிவிட்டது. 2014ஆம் ஆண்டு, கிளைபோசேற் என்ற களைநாசினி கடின நீரிலுள்ள உலோகங்களோடு இணைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கின்றது என்ற கருதுகோளை இலங்கை ஆய்வாளர்கள் சிலர் சர்வதேச சஞ்சிகை ஒன்றில் வெளியிட்டனர். அது ஆராயப்பட வேண்டிய கருதுகோளாகவே எழுதப்பட்டது. மறுவருடமே, 2015இல், கிளைபோசேற் இறக்குமதி நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதனை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் சேர்த்தமை உண்மையே. ஆயினும் அது புற்றுநோய் பற்றிய முடிவாகும். சிறுநீரக நோய் பற்றியதல்ல. இவ்விரண்டும் பொது விவாதத்தில் ஒன்றாகக் குழப்பப்பட்டன.

2018இல் தேயிலை, இறப்பர் செய்கைக்கு அத்தடை தளர்த்தப்பட்டது. 2022இல் முற்றாக நீக்கப்பட்டது. இடையில் 2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளை, விவசாய இரசாயனங்கள் ஆகியவற்றின் இறக்குமதி ஒரே அடியாகத் தடை செய்யப்பட்டபோதும் சிறுநீரக நோய் ஒரு நியாயமாக முன்வைக்கப்பட்டது. விளைச்சல் வீழ்ந்து, விவசாயிகள் வீதிக்கு இறங்கி, அவ்வாண்டு நவம்பரில் அரசு பின்வாங்கியது. இந்தத் தடைகள் தவறா சரியா என்ற விவாதத்துக்கு அப்பால் ஒரு கேள்வி உண்டு. பல ஆண்டுகள் மறைந்திருந்து வெளிப்படும் ஒரு நோயின் மீது, சில ஆண்டுகள் மாத்திரம் நீடித்து விலக்கப்படும் ஒரு தடை என்ன விளைவை ஏற்படுத்தியது என எவரால் கூற முடியும்? தடையோடு கூடவே, அதன் முன்னரும் பின்னரும் நோய் நிலைமையை ஒப்பிடும் தொடர் ஆய்வும் திட்டமிடப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறன்றி எடுக்கப்படும் முடிவு விவசாயிக்கு நட்டத்தையும் நோயாளிக்கு ஏமாற்றத்தையும் மாத்திரமே தரும்.

வடக்கும் புத்தளமும்

சுன்னாகத்தில் அனல்மின் நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக மக்கள் முறையிட்டபோது, முதலில் எழுந்த சிக்கல் அளவீடு பற்றியதே. எந்தக் கிணற்றில் எவ்வளவு, அது எங்கிருந்து வந்தது, அருந்தினால் என்னவாகும் என்பவற்றில் குழுக்களும் நிறுவனங்களும் முரண்பட்டன. பாதிக்கப்பட்ட மக்கள் வீதியில் நின்று நீர் கேட்டனர். இவ்விவகாரம் 2015இல் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. மாசடைதலுக்குப் பொறுப்பான தனியார் மின் உற்பத்தி நிறுவனம் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா நட்டஈடு வழங்க வேண்டும் என 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே விலை செலுத்த வேண்டும் என்ற கோட்பாடு நிலைநாட்டப்பட்டது வரவேற்கத்தக்கது. ஆயினும் அந்த நீரை அருந்தியவர்களின் உடல்நலம் நீண்டகாலம் கண்காணிக்கப்பட வேண்டிய தேவையை ஒரு தீர்ப்பினால் மாத்திரம் நிறைவேற்றிவிட முடியாது.

குடாநாட்டின் நீர், ஆறுகளற்ற சுண்ணாம்புக்கல் நிலத்தில் மழையினால் மாத்திரம் ஊட்டப்படுவது. பசளையிலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் நைத்திரேற்று கிணறுகளைச் சென்றடைவது பல தசாப்தங்களாகச் சுட்டிக்காட்டப்பட்டு வருகின்றது. கற்பிட்டியின் மணல் நிலத்திலும் இதே பிரச்சினை உண்டு. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல். புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தைகளுக்கு அதனைவிடக் கூடிய அளவு ஆபத்தானது.

சூழல் ஆய்வில் ஒருவர் எங்கு, எப்போது, எந்த நீரை அருந்தி வாழ்ந்தார் என்பதே அடிப்படைத் தகவல். எமது மக்களைப் பொறுத்தவரை இத்தகவல் மிகவும் சிக்கலானது. வன்னியைச் சேர்ந்த ஒரு குடும்பம் 2009 வரையான காலத்தில் எத்தனை கிராமங்களுக்கு இடம்பெயர்ந்து, எத்தனை கிணறுகளில் நீர் அள்ளியது? 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்தின் உவர்த்தன்மை கொண்ட நீரை எத்தனை ஆண்டுகள் அருந்தினர்? யுத்த காலத்தில் யூரியா உள்ளிட்ட பொருட்கள் வடக்குக்கு எடுத்துச் செல்லப்படுவது கட்டுப்படுத்தப்பட்டிருந்தமையால், வடக்கு விவசாயி ஆட்பட்ட இரசாயனங்களின் வரலாறும் தெற்கு விவசாயியினதிலிருந்து வேறுபட்டது. தற்போதைய முகவரியை மாத்திரம் குறித்துக்கொள்ளும் ஒரு நோயாளர் பதிவேடு இந்த வரலாற்றை முழுமையாக இழந்துவிடும். பிழையான முடிவுக்கும் அது இட்டுச்செல்லும். இதே வரலாறு ஒழுங்காகப் பதியப்படுமாயின், வேறெந்த நாட்டிலும் கிடைக்காத ஒப்பீட்டுச் சான்றாக அது அமையக்கூடும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, பாதுகாப்பான குடிநீர். நோயின் காரணம் எதுவாயினும், கடினத்தன்மையும் புளோரைட்டும் மாசும் மிக்க நீரை மக்கள் அருந்தத் தேவையில்லை என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. பாதிக்கப்பட்ட கிராமங்களில் கடற்படையினராலும் ஏனையோராலும் நூற்றுக்கணக்கான ஆர்.ஓ. நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டுள்ளன. மகாகனதராவ குளத்தை நீர்மூலமாகக் கொண்டு ஜப்பானிய உதவியுடன் மேற்கொள்ளப்பட்ட அனுராதபுரம் வடக்கு நீர் வழங்கல் திட்டம் போன்றவை நீண்டகாலத் தீர்வுக்கு உதாரணங்களாகும். சுத்திகரிப்பு நிலையத்தைத் திறந்து வைப்பது இலகு. வடிகளை உரிய காலத்தில் மாற்றி, நீரைத் தொடர்ந்து பரிசோதித்து, பெறுபேற்றைக் கிராம மக்களுக்கு அறிவிப்பதே கடினம். அந்தக் கடினமான வேலைக்கே நிதியும் ஆளணியும் ஒதுக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, பாதிக்கப்பட்ட எல்லா மாவட்டங்களுக்கும் பொதுவான நோய் நிர்ணய முறையும் பதிவேடும். ஒரு கணிப்பீட்டில் நோயாளி எனக் கருதப்படுபவர் மற்றொன்றில் விடுபட்டுப் போவாராயின் ஒப்பீடு சாத்தியமில்லை. பதிவேட்டில் தொழில், குடிநீர் மூலம், இடம்பெயர்வு என்பன இடம்பெற வேண்டும். தமிழ்பேசும் நோயாளரிடம் தமிழிலேயே விபரம் பெறப்பட வேண்டும். மொழிபெயர்ப்பில் தொலையும் ஒரு சொல் ஆய்வில் தொலையும் ஒரு தடயமாகலாம்.

மூன்றாவது, நீண்டகாலத் தொடர் ஆய்வு. இன்று ஆரோக்கியமாக உள்ள இளைஞர்களைத் தெரிவு செய்து, அவர்களது நீர், தொழில், குருதி, சிறுநீர் என்பவற்றை ஆண்டுதோறும் பதிந்து மாதிரிகளைப் பாதுகாத்து வைத்தால், பத்தாண்டுகளின் பின்னர் நோய் தோன்றும்போது பின்னோக்கிப் பார்ப்பதற்குச் சான்று இருக்கும். 1990களில் இவ்வாறு ஆரம்பிக்கப்பட்டிருப்பின் விடை இன்று வெகு அருகில் இருந்திருக்கலாம். பேராதனை, ரஜரட்ட பல்கலைக்கழகங்களோடு யாழ்ப்பாணம், வவுனியா, கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களும் இதில் சம பங்காளிகளாக வேண்டும். ஆய்வுக்கான நிதி, இரசாயனம் விற்போரினதும் ஆட்சியில் இருப்போரினதும் செல்வாக்குக்கு உட்படாததாகவும் இருத்தல் அவசியம்.

நான்காவது, மக்களுக்குரிய தகவல். குருதியும் சிறுநீரும் கொடுத்த கிராமத்தவருக்கு அதன் முடிவு திரும்பச் சென்றடைய வேண்டியது அவர்களின் உரிமை. பாதிக்கப்பட்ட பிரதேச விவசாயிகள் ஆண்டுக்கொரு தடவையேனும் சிறுநீரகப் பரிசோதனை செய்துகொள்வதும், வைத்திய ஆலோசனையின்றி வலிநிவாரணிகளை உட்கொள்வதைத் தவிர்ப்பதும், உச்சி வெயிலில் வேலையைக் குறைத்து போதிய நீர் அருந்துவதும், மருந்து தெளிக்கும்போது முகத்தையும் கைகளையும் மூடிக்கொள்வதும் இன்றே ஆரம்பிக்கக்கூடியவை. சிறுநீரக நோயுள்ள முஸ்லிம் சகோதரர்கள் ரமழான் நோன்பு தொடர்பில் வைத்தியரினதும் மார்க்க அறிஞரினதும் ஆலோசனையைப் பெறுவது நன்று. நோயாளிக்கு இஸ்லாம் சலுகை அளித்துள்ளது என்பதை மீண்டும் கூறத் தேவையில்லை. பள்ளிவாசல்களும் கோயில்களும் விவசாய சம்மேளனங்களும் இத்தகவலைக் கொண்டு செல்வதில் ஆற்றக்கூடிய பங்கு பெரிது.

காரணத்தைக் கண்டறிந்துவிட்டோம் என நாளைக்கு எவரேனும் மேடையில் முழங்கக்கூடும். அவ்வேளையில் சான்று எங்கே, எத்தனை பேரிடம், எத்தனை ஆண்டுகள் பார்க்கப்பட்டது என்று கேட்கும் பழக்கம் எமது மக்களிடையே வளர வேண்டும். காரணம் இன்னமும் தெரியவில்லை, ஆகவே எதுவும் செய்வதற்கில்லை என்று அதிகாரிகள் கைவிரிப்பார்களாயின், அதனையும் ஏற்றுக்கொள்ள முடியாது. அறிந்தவரை செயற்படுவதும், அறியாததை நேர்மையாகத் தேடுவதும் ஒரே வேளையில் நிகழ வேண்டியவை. வடமத்திய மாகாணத்திலும் வன்னியிலும் இந்நோயினால் தந்தையரை இழந்த பிள்ளைகள் இன்று அதே வயல்களில் இறங்கியுள்ளனர். அவர்கள் அருந்தும் நீர் தந்தையர் அருந்திய நீராக இருக்கக்கூடாது. அதனை உறுதிப்படுத்துவது அரசின் உடனடிக் கடமை என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.